பாரிஸ் பணம், பண்ருட்டித் தோப்பு: அந்நிய முதலீடு பற்றி எங்கள் ஆபீசில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். தினமும் முள்ளோடை எல்லையைத் தாண்டிப் போய் வருவதால் இரண்டு ஊர்க்காரர்களும் பஸ்ஸிலேயே சந்தேகம் கேட்டுவிடுகிறார்கள். பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ‘சொல்தா’ பென்ஷன் வாங்கும் தாத்தாக்கள், கஃபே வைக்க ஆசைப்படும் வெள்ளைக்காரர்கள், சிப்காட் பக்கம் ஷெட் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். சொன்னதையே சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அந்நிய முதலீடுன்னு பேப்பர்ல போடறாங்களே, அதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. திருபுவனையில் வாஷிங் மெஷின் செய்யும் வேர்ல்பூல் அமெரிக்கக் கம்பெனி. புதுச்சேரியில் கம்ப்யூட்டர் பூட்டும் லெனோவா சீனக் கம்பெனி. கடலூருக்குப் பக்கத்திலேயே உளுந்தூர்பேட்டையில் தைவானின் பௌ சென் குழுமம் செருப்புத் தொழிற்சாலைக்கு 2023இல் ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய், 20,000 பேருக்கு வேலை என்பது அதன் கணக்கு. இன்னும் பின்னால் போனால் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையே பாரி கம்பெனி என்ற வெள்ளைக்காரப் பெயரோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்ததுதான்.

ஆனால் என்னிடம் வருகிறவர்களில் தொண்ணூறு சதவீதம் பேருக்கு இது தொழிற்சாலைக் கதை இல்லை. பாரிசில் இருக்கும் மச்சான் ஐம்பதாயிரம் யூரோ போட்டு இங்கே ஒரு தொழில் தொடங்கலாம் என்கிறார், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் அதுவும் அந்நிய முதலீடுதான். பௌ சென்னுக்கு இருக்கிற படிவம் மச்சானுக்கும் உண்டு. அவர்களுக்கு அதை நிரப்ப ஒரு இலாகாவே இருக்கிறது. மச்சானுக்கு நான்தான் இருக்கிறேன்.

ஒரு காலத்துல வெளிநாட்டுக் கம்பெனியை எல்லாம் விரட்டினோமே சார், இப்ப ஏன் கூப்பிடறோம்?

1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், ஃபெரா என்பார்கள், வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. கோக கோலாவும் ஐபிஎம்மும் அந்தக் காலத்தில்தான் கடையைக் கட்டிக்கொண்டு போயின. 1991இல் நாட்டிடம் இருந்த டாலர் சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலை. தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். அந்த ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு பல தொழில்களில் 51 சதவீதம் வரை தானாகவே அனுமதி என்று அறிவித்தது. அப்புறம் ஃபெரா போய் 2000 ஜூனில் ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது. முன்னது குற்றவியல் சட்டம், ஜெயில் வரை போகும். இப்போது இருப்பது பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிற சிவில் சட்டம்.

திறந்ததெல்லாம் படிப்படியாகத்தான். இன்சூரன்சை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 26 சதவீதம், 2015இல் 49, 2021இல் 74, 2025 பட்ஜெட்டில் நூறு என்று அறிவிப்பு. கால் நூற்றாண்டு ஆனது. ‘சீர்திருத்தம்’ என்றால் ஒரே ராத்திரியில் கதவு திறப்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

எந்தத் தொழில்ல போடலாம், எதுல போடக்கூடாது?

பெரும்பாலான தொழில்களில் நூறு சதவீதம் வரை போடலாம், முன் அனுமதி வேண்டாம். இதற்குப் பெயர் தானியங்கி வழி. உற்பத்தி, ஓட்டல், சாப்ட்வேர், கட்டுமானம் எல்லாம் இதில் வரும். சிலவற்றுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். பல பிராண்டு சரக்கு விற்கும் சில்லறைக் கடைக்கு 51 சதவீதம்தான் உச்சம், அதுவும் அனுமதியோடு.

முழுத் தடை உள்ளவை: லாட்டரி, சூதாட்டம், சீட்டுக் கம்பெனி, ‘நிதி’ கம்பெனி (உறுப்பினர்களுக்குள்ளேயே சேமிப்பும் கடனும் நடத்துவது), சிகரெட் உற்பத்தி, அப்புறம் நிலத்தை வாங்கி லாபத்துக்கு விற்கும் ரியல் எஸ்டேட் வியாபாரம். கடைசியில் உள்ளதில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். அடுக்குமாடி கட்டி விற்கலாம், கட்டடம் கட்டி வாடகைக்கு விடலாம். மனை வாங்கிப்போட்டு ரெண்டு வருஷம் கழித்து விற்கலாம் என்று கம்பெனி தொடங்கக் கூடாது. சீட்டில் ஒரு நெளிவு உண்டு. வெளிநாடு வாழ் இந்தியர் சீட்டுக் கட்டலாம், ஆனால் அந்தப் பணத்தை வெளியே எடுத்துப்போக முடியாது. சீட்டுக் கம்பெனியில் வெளிநாட்டுப் பங்குதாரர் ஆவது வேறு, அது கூடாது.

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு ஒண்ணு வருது. பாரிஸ்ல இருக்கிற மச்சான் பேர்ல வாங்கலாமா?

வாங்க முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் வெளிநாடு வாழ் இந்தியரோ ஓசிஐ அட்டைக்காரரோ (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் அட்டை இது) விலைக்கு வாங்கக் கூடாது. அப்பா சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடு, கடை, மனை வாங்கலாம். “பத்திர ஆபீசில் யாரும் கேட்கவில்லையே” என்பார்கள். பத்திரம் பதிவாகும்தான். விற்றுப் பணத்தை எடுத்துப்போக பேங்குக்குப் போகும்போது கேட்பார்கள்.

ஆனால் மச்சானுக்கு உண்மையில் தோப்பா வேண்டும்? முந்திரிக்கொட்டையை உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து டப்பாவில் அடைக்கிற தொழிற்கூடம் என்றால் அது உணவுப் பதப்படுத்தல், நூறு சதவீதம் தானியங்கி வழி. கொட்டையைத் தோப்புக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம், ஆப்பிரிக்காவிலிருந்தும் இறக்கலாம். பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் வளர்ப்பும் தானியங்கி வழிதான், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு மட்டும் வேண்டும். மண் மேல் ஆசை இருப்பவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. தோப்பைப் பினாமி பெயரில் வாங்கிவிட்டு வருகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்து அதைக் கேட்டு வாங்கச் சட்டம் துணைக்கு வராது.

நான் பிரெஞ்சு நேஷனாலிட்டி. ஆனா நாப்பது வருஷமா லாஸ்பேட்டையிலதான் இருக்கேன். நான் வெளிநாட்டு முதலீட்டாளரா?

புதுச்சேரியைத் தவிர வேறு எங்கும் இந்தக் கேள்வி இவ்வளவு வராது. 1962 ஆகஸ்டில் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது இங்கிருந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஃபெமா பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை, குடியிருப்பைப் பார்க்கிறது. போன நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்து, இங்கேயே தொழிலோ வாழ்க்கையோ என்று தங்கியிருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். உள்ளூர் கம்பெனியில் பங்கு வாங்கினால் அது உள்ளூர் முதலீடு. பின்னால் பிரான்சுக்கே போய்விட்டாலும், இங்கே வசித்தபோது வாங்கியதை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு லியோனில் வேலை செய்யும் உங்கள் தம்பிதான் சட்டப்படி வெளியே வசிப்பவர். இதைச் சொன்னால் இருவருமே சிரிப்பார்கள். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று இருப்பவர்கள் மட்டும் விமான டிக்கெட்டோடு வாருங்கள், நாள் எண்ணித்தான் சொல்ல முடியும். வருமான வரிக்கு நாள் எண்ணுவது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓசிஐ கார்டு எடுத்தா என்ன லாபம்? எங்க தாத்தா இந்தியக் குடிமகனாவே இருந்ததில்லையே, கிடைக்குமா?

கிடைக்கும். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் ஓசிஐக்குத் தகுதியானவர்கள் என்று குடியுரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரி நமக்காகவும் கோவாக்காரர்களுக்காகவும் எழுதியது போலவே இருக்கும். தாத்தா பாகூரில் பிறந்த பத்திரம் போன்ற ஆதாரம் வேண்டும்.

முதலீட்டில் லாபம் என்னவென்றால், ஓசிஐக்காரருக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று, திரும்ப எடுத்துச் செல்லும் வழி: போட்ட பணமும் லாபமும் வெளியே போகலாம், எல்லாப் படிவமும் உண்டு. இன்னொன்று, திரும்ப எடுத்துச் செல்லாத வழி: இதைச் சட்டமே உள்நாட்டு முதலீட்டுக்குச் சமமாகப் பார்க்கிறது, ரிசர்வ் வங்கிப் படிவத் தொல்லை ஏறக்குறைய இல்லை. விற்கும்போது பணம் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளியே வசிப்பவர் இங்கே ரூபாயில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வரும். அங்கிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்பதால், சின்ன முதலீட்டுக்காரர்களுக்கு நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன். ‘திரும்ப எடுக்க முடியாது’ என்ற பெயரைப் பார்த்தே பயந்து ஓடுகிறார்கள். பெயர் வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளைக்கார நண்பர், ஒயிட் டவுன்ல கஃபே போடலாம், பார்ட்னர்ஷிப் எழுதிக்கலாங்கிறார். சரியா?

கஃபே சரி, பார்ட்னர்ஷிப் தப்பு. கூட்டு வணிகத்திலும் தனி உரிமையாளர் தொழிலிலும் வெளியே வசிப்பவர்களில் வெளிநாடு வாழ் இந்தியரும் ஓசிஐக்காரரும்தான் பணம் போடலாம், அதுவும் மேலே சொன்ன இரண்டாவது வழியில். உங்கள் நண்பருக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் அது முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி அல்லது எல்எல்பி (பொறுப்புக்கு வரம்புள்ள, தனியாகப் பதிவாகும் கூட்டு நிறுவனம்) தொடங்குங்கள். கம்பெனி என்றால் இரண்டு இயக்குநர்கள். அவர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருப்பவராக வேண்டும், அது நீங்கள்தான். நண்பரின் பாஸ்போர்ட் நகலும் முகவரிச் சான்றும் பிரான்சில் அப்போஸ்டீல் முத்திரை (வெளிநாட்டிலும் செல்லும் சான்று முத்திரை) வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு வர வேண்டும்.

நண்பர் டூரிஸ்ட் விசாவில் வந்து கல்லாவில் உட்காரக் கூடாது, பிசினஸ் விசா வேண்டும். அப்புறம் கட்டடம். பழைய பிரெஞ்சு வீடு என்றால் சுவரை இடிப்பதற்கு முன் பாரம்பரியக் கட்டட விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

பணம் அக்கவுண்டுக்கு வந்தாச்சு. அதோட முடிஞ்சுதா?

அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஆபீசில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான். பணம் கம்பெனிக் கணக்குக்கு நேராக வங்கி வழி வர வேண்டும். யாரிடமிருந்து, எதற்காக என்று ‘பங்கு முதலீடு’ என்றே நோக்கம் எழுதியிருக்க வேண்டும். ‘குடும்பச் செலவு’ என்று போட்டு உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து கம்பெனிக்கு மாற்றினால் அது நண்பரின் முதலீடு ஆகாது, உங்கள் பணமாகிவிடும்.

வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒதுக்கிய 30 நாளுக்குள் எஃப்சி-ஜிபிஆர் என்ற படிவத்தை ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதோடு பணம் வந்த சான்று, அனுப்பியவர் யார் என்று அவர் வங்கி தரும் கேஒய்சி, பங்கின் விலை நியாயமானது என்று பட்டயக் கணக்காளர் தரும் மதிப்பீடு. வெளிநாட்டவருக்கு அந்த மதிப்புக்குக் குறைவாகப் பங்கு தரக் கூடாது. அப்புறம் வருஷா வருஷம் ஜூலை 15க்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்எல்ஏ (வெளிநாட்டுப் பொறுப்பு, சொத்து) அறிக்கை, அந்த வருஷம் புதிதாக ஒரு பைசா வராவிட்டாலும்.

தாமதமானால் தாமதக் கட்டணம். 7,500 ரூபாயில் தொடங்கி, தொகையையும் வருஷத்தையும் பொறுத்து ஏறும். ஒருவர் 2016இல் வந்த பணத்துக்கு ஆறு வருஷம் கழித்து வந்தார். அனுப்பிய வெளிநாட்டுக் கிளையையே மூடிவிட்டார்கள், கேஒய்சி தர ஆளில்லை. அந்த ஒரு தாளுக்காக எட்டு மாதம் அலைந்தோம்.

பங்கெல்லாம் வேணாம் தம்பி, கடனா வாங்கிக்கறேன். இல்லன்னா வருஷம் 12 சதவீதம் நிச்சயம்னு எழுதிக் குடுத்துடறேன்.

ஐயா, ரெண்டுமே வம்பு. கம்பெனி வெளிநாட்டில் கடன் வாங்கினால் அதற்கு வெளிநாட்டு வணிகக் கடன் என்று தனிச் சட்டம் இருக்கிறது: யார் தரலாம், எத்தனை வருஷம், எதற்குச் செலவழிக்கலாம் என்று. நில வியாபாரத்துக்கு அது உதவாது. பங்கு கொடுத்துவிட்டு நிச்சய லாபம் எழுதித் தருவதும் செல்லாது. வெளிநாட்டுப் பங்குதாரர் வெளியேறும்போது அன்றைய நியாய மதிப்புக்கு மேல் உள்ளூர்க்காரர் அவருக்குத் தரக் கூடாது. பங்கு என்றால் லாபமும் நட்டமும் சேர்ந்தது. கட்டாயம் பங்காக மாறும் கடன் பத்திரம் பங்குக் கணக்கில் வரும், மாறாதது கடன் கணக்கில் வரும்.

லாபத்தை யூரோவா மாத்தி அனுப்ப முடியுமா?

முடியும். இங்கே வரி கட்டிய பிறகு, பட்டயக் கணக்காளர் சான்றோடு வங்கி வழியே. 2020 முதல் டிவிடெண்ட் வரி வாங்குகிறவர் தலையில்தான். அனுப்புமுன் கம்பெனி பிடித்துக்கொள்ள வேண்டும். பிரான்சோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு, அங்கே வரி கட்டுபவர் என்ற சான்றைக் கொண்டுவந்தால் குறைந்த விகிதம் கிடைக்கும். பணம் வந்ததும் ஏற்ற வேண்டும் என்று மேலே சொன்ன படிவங்கள் கையில் இருந்தால் இது ஒரு வார வேலை. இல்லாவிட்டால் வங்கி மேலாளர் உங்களைப் பார்த்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்.

கூட்டாளியோட கம்பெனி சிங்கப்பூர்தான், ஆனா அதுல ஒரு சீனருக்கும் பங்கு இருக்கு. பரவாயில்லையா?

கவனம் தேவை. 2020 ஏப்ரலில் வந்த விதி, இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டிலிருந்து வரும் முதலீட்டுக்கும், உண்மையான பயனாளி அந்த நாட்டுக்காரராக இருக்கும் முதலீட்டுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது, தொழில் எதுவானாலும்; சீனரின் பங்கு எவ்வளவு என்று சொல்லி இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வழியாக வந்தாலும் பின்னால் இருப்பவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். இலங்கைக்கும் நமக்கும் இடையில் கடல் இருப்பதால் இந்த விதி தொடாது. யாழ்ப்பாணச் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டு நிம்மதி ஆவார்கள். ஆனால் இந்தியாவில் சொத்து வாங்க இலங்கைக் குடிமக்களுக்கு வேறு கட்டுப்பாடு உண்டு, அதைத் தனியாகக் கேளுங்கள்.

புதுச்சேரியில தொடங்கினா வரி கம்மியாமே? கடலூரா, பாண்டியா?

அது பழைய கதை. குறைந்த விற்பனை வரிக்காகவே கம்பெனிகள் ஒரு காலத்தில் புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்துக்கும் சேதராப்பட்டுக்கும் வந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சலுகைக்கு அர்த்தம் போய்விட்டது. இப்போது பார்க்க வேண்டியது நிலம், தண்ணீர், துறைமுகத்துக்குத் தூரம். தொழில் மனை தரும் அரசு நிறுவனம் தமிழ்நாட்டில் சிப்காட், புதுச்சேரியில் பிப்டிக். எங்கே மனை உடனே கையில் கிடைக்கிறதோ அங்கே போங்கள். நம் எல்லைக் கோடு வேறு கோலம் போட்ட மாதிரி இருக்கும். பாகூர் பக்கம் இந்த வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர். சர்வே எண்ணைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடலூர்ல பெரிய பெரிய திட்டமெல்லாம் வந்து வந்து நின்னுபோச்சே, அப்ப எப்படி நம்பறது?

நியாயமான கேள்வி. பெரியகுப்பத்தில் நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ஆண்டுக்கு 60 லட்சம் டன் திட்டம். கட்டிக்கொண்டிருக்கும்போதே 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்து அடித்தது. அதற்குப் பிறகு எழவே இல்லை. திவால் நடவடிக்கைக்குப் போய் ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் கைக்கு மாறியது. புயலை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கடனில் நின்ற திட்டத்துக்கு ஒரு புயல் போதும், அவ்வளவுதான்.

இன்னொன்று, கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைச் சேர்த்து பெட்ரோகெமிக்கல் மண்டலம் என்று 2017இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2020இல் அதைக் கைவிட்டு, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தார்கள். காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் அதில் வருகின்றன. அங்கே உருக்காலை, தோல் பதனிடுதல் மாதிரித் தொழில்கள் புதிதாக வர முடியாது. சிப்காட்டில் ரசாயனக் காற்றைச் சுவாசித்த குடிகாடு, ஈச்சங்காடு மக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எதிர்ப்பு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. டெல்லியில் தானியங்கி வழி என்பது, ஊருக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஊராட்சி, ஊர்மக்கள் என்று இன்னும் மூன்று கதவு இருக்கிறது. முதலீட்டாளரின் கூட்டத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

ஆறு லட்சம் கோடிக்கு ஒப்பந்தம்னாங்க, அப்புறம் அந்நிய முதலீடே வரலைன்னும் எழுதறாங்க. எது நிஜம்?

ரெண்டும். 2024 ஜனவரி சென்னை முதலீட்டாளர் மாநாட்டில் அறிவித்த 6.64 லட்சம் கோடி ரூபாய் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் தொகை. அது வாக்கு, நிச்சயதார்த்தம் மாதிரி. பல வருஷத்தில் பகுதி பகுதியாக வரலாம், சிலது வராமலும் போகலாம். அதில் உள்நாட்டுக் கம்பெனிகளும் உண்டு.

இரண்டாவது விஷயம் நாட்டுக் கணக்கு. 2024-25இல் இந்தியாவுக்குள் வந்த மொத்த நேரடி முதலீடு ஏறக்குறைய 8,100 கோடி டாலர். நிகரம் பார்த்தால் 100 கோடி டாலருக்குள்தான். நடுவில் என்ன ஆனது? முன்பு வந்தவர்கள் ஏறக்குறைய 5,100 கோடி டாலரை விற்று எடுத்துப்போனார்கள். நம் கம்பெனிகள் 2,900 கோடி டாலர் போல வெளிநாட்டில் போட்டன. ஒரு தலைப்பு மொத்தத்தைப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று நிகரத்தை. பங்குச்சந்தை நன்றாக இருந்ததால் பழையவர்கள் லாபத்தோடு வெளியேற முடிந்தது என்பதும் இதில் இருக்கிறது. வெளியேற முடியாத சந்தைக்கு யாரும் புதிதாக வரமாட்டார்கள். ஆனால் இதையே சொல்லிச் சமாதானம் அடைவதும் சரியில்லை. புதிய தொழிற்சாலைக்கு வருகிற பணம் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாளைக்கு அரசாங்கம் திடீர்னு சட்டத்தை மாத்திட்டா?

நடந்திருக்கிறது. வோடஃபோன் 2007இல் செய்த ஒரு வெளிநாட்டு வியாபாரத்துக்கு வரி கேட்டார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷ பட்ஜெட்டில் முன்தேதியிட்டுச் சட்டத்தையே மாற்றினார்கள். அந்த மாற்றத்தை ரத்து செய்ய 2021 ஆகஸ்ட் வரை ஆனது. நம் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை வரி வழக்கில் சிக்கி 2014 நவம்பரில் நின்றது. அங்கே வேலை பார்த்த கடலூர்ப் பிள்ளைகள் பெட்டியோடு ஊருக்குத் திரும்பியதை நான் பார்த்தேன்.

மச்சானின் ஐம்பதாயிரம் யூரோவுக்கு இந்த அளவு ஆபத்து வராது. அவருக்கு வரும் ஆபத்து சின்னது: விட்டுப்போன ஒரு படிவம், தப்பான நோக்கக் குறியீடு.

சரி சார், உங்ககிட்ட வர்றப்ப என்னென்ன எடுத்துட்டு வரணும்?

பணம் போடுபவரின் பாஸ்போர்ட், ஓசிஐ இருந்தால் அது, கடைசி இரண்டு வருஷம் எந்த நாட்டில் எத்தனை நாள் என்ற கணக்கு, பணம் எந்த வங்கியிலிருந்து வரும் என்ற விவரம். தொழில் என்ன என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். பத்து வரி எழுதினால் அதில் எங்காவது நில வியாபாரம் ஒளிந்திருக்கும். முக்கியமாக, பணத்தை அனுப்பிவிட்டு வராதீர்கள், அனுப்புவதற்கு முன்னால் வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வேண்டாம், கடைசி நேரடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.